அடுக்களையில் விளைந்த மனரம்மியம்

மனரம்மியம் என்பது இக்காலத்தில் நாம் அதிகம் எடுத்தாளாத சொல். திருப்தி என்கிறோம், மனநிறைவு என்கிறோம், போதுமென்ற மனம் என்கிறோம். ஆயினும் கிறிஸ்தவ வேதாகமத்தைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலே வாசித்துப் பழகியோருக்கு அச்சொல்லைக் கேட்டதும் ஓரிடம் நினைவில் எழும். பவுல் அடிகளார் பிலிப்பி நகரத்துச் சபையாருக்கு வரைந்த நிருபத்தின் கடைசி அதிகாரம் அது. கத்தோலிக்கக் குடும்பங்களின் முதியோர் அவரைச் சின்னப்பர் என வழங்குவர். பெயர் எதுவாயினும் ஆள் ஒருவரே. அவர் அந்நிருபத்தை எழுதியது சிறைச்சாலையில் இருந்தபோது.

அச்சிறை உரோமாபுரியில் இருந்ததென்பது பழைய மரபு. பிலிப்பியிலிருந்த அன்பர்கள் தங்களுள் ஒருவராகிய எப்பாப்பிரோதீத்து என்பவரின் கையில் அடிகளாருக்குப் பொருளுதவி அனுப்பியிருந்தனர். அதற்கு நன்றி கூற எழுதுகின்றவர், உண்டபோதும் பட்டினி கிடந்தபோதும் மனம் குன்றாதிருக்கும் வித்தையைத் தாம் பயின்று கொண்டதாகக் கூறுகிறார். பயின்று கொண்டதாக அவர் சொன்னதைத்தான் நாம் பல காலம் கவனியாது கடந்துவிட்டோம். மனநிறைவு சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம் என்றும், வேறு சிலருக்குப் பக்தியினால் ஒரே நாளில் வந்திறங்கும் வரம் என்றும் எண்ணியிருந்தோம். அடிகளாரோ அதனைப் பள்ளிக்கூடத்துப் பாடம் போலப் பேசுகிறார். அன்றியும், கிரேக்க மொழியிலே அவர் கையாண்ட சொல் அக்காலத்து ஸ்தோயிக்க ஞானிகள் விரும்பி வழங்கிய சொல்லாகும். தனக்குத் தானே போதுமானவனாய், வெளியிலிருந்து எதனையும் வேண்டாதவனாய் நிற்றல் என்பது அவர்கள் கொண்ட பொருள். சொல்லை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட அடிகளார், தமக்கு அவ்வலிமையைத் தருபவர் வேறொருவர் என்று அடுத்த மூச்சிலேயே கூறி, பொருளை மாற்றிவிடுகிறார்.

பாடம் என்றால் அதனைப் படிக்க எத்தனை காலம் செல்லும்? எங்கே படிப்பது? இடையில் தவறிவிட்டால் என் செய்வது? நிருபத்தில் இவற்றுக்கு விரிவான விடை இல்லை. விடையை நாம் வேறொரு மனிதரின் வாழ்க்கையிலே கண்டோம். அவர் பண்டிதரல்லர், குருப்பட்டம் பெற்றவருமல்லர். பதினேழாம் நூற்றாண்டிலே பாரிஸ் மாநகரத்துத் துறவியர் மடமொன்றில் நெடுங்காலம் சமையல் செய்தவர்.

நிக்கொலா ஹேர்மன் என்பது பெற்றோர் இட்ட பெயர். இன்று பிரான்சின் கிழக்குப் பகுதியாக விளங்கும் லொறேன் நாட்டிலே, எரிமெனில் என்னும் சிற்றூரில், 1614ஆம் ஆண்டளவில் எளிய குடும்பத்திலே பிறந்தார். பதினெட்டாவது வயதில், குளிர்காலத்து நாளொன்றில், இலை யாவும் உதிர்ந்து நின்ற மரமொன்று அவர் கண்ணிற் பட்டது. சிறிது காலத்தில் இதே மரம் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது. அவ்வளவே நிகழ்ந்தது. ஆனால் உலகைப் பராமரிக்கும் ஒருவர் உளர் என்ற உணர்வு அந்த நிமிடத்தில் அவரைப் பற்றிக்கொண்டதென்றும், அதன் பின் தம்மை விட்டு நீங்கவேயில்லை என்றும் முதுமையில் அவர் கூறினார். குளிரினால் மரங்கள் ஒருசேர மொட்டையாகும் காட்சியை நம் நாட்டிலே நாம் காண்பதில்லை. ஆதலால் அதன் வலிமை நமக்கு முழுதும் புலப்படாது போகலாம். நம்மூரில் அப்படியொரு மரம் நின்றால், பட்டுவிட்டதென்று கோடரியைத் தேடுவோம்.

அக்காலம் ஐரோப்பாவை 1618 முதல் 1648 வரை அலைக்கழித்த முப்பதாண்டுப் போரின் காலம். இளைஞர் ஹேர்மனும் போர்வீரரானார். ஜெர்மானியப் படையினர் அவரைப் பிடித்து, ஒற்றன் என ஐயுற்றுத் தூக்கிலிடப் போவதாக மிரட்டினர். அவர் கலங்காமல் விடை கூறியதைக் கண்டு விட்டுவிட்டனர். பின்னர் சுவீடன் நாட்டுப் படையோடு நேர்ந்த மோதலிற் காயமுற்றார். கால் ஊனம் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. படையை விட்டு வந்தவர் பாரிசிலே பெரும் அதிகாரியொருவரின் வீட்டில் ஏவலாளாகச் சேர்ந்தார். எதைத் தொட்டாலும் உடைத்துவிடும் முரட்டுக் கையினர் என்று தம்மைப் பற்றி அவரே கூறியிருக்கிறார். பெரிய மனிதர் வீட்டுப் பீங்கான்கள் என்ன பாடுபட்டனவோ, நாமறியோம்.

1640ஆம் ஆண்டிலே, பாரிஸ் வோஜிறார் வீதியிலிருந்த கார்மேல் சபைத் துறவியர் மடத்தில் அவர் சேர்ந்தார். அம்மடத்தின் கோயில் இன்றும் அவ்வீதியில் நிற்கிறது. குருவாவதற்குரிய கல்வி இல்லாமையால் அவரைச் சகோதரராகவே ஏற்றனர். உயிர்த்தெழுதலின் லோறன்ஸ் என்பது அவருக்கு அளிக்கப்பட்ட புதுப்பெயர். தம் கைத்தவறுகளுக்காக அங்கே நன்றாக வதைபடுவோம், செய்த பாவங்களுக்கு அதுவே தகும் என்று எண்ணிச் சென்றாராம். கடவுள் தம்மை ஏமாற்றிவிட்டாரென்றும், அங்கே மகிழ்ச்சியே கிடைத்ததென்றும் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார். அவ்வேடிக்கைப் பேச்சை மட்டும் கேட்டவர்கள், மடத்து வாசலைக் கடந்த அன்றே அவருக்கு அமைதி வந்துவிட்டதென நினைக்கக்கூடும். நடந்தது அதுவன்று.

அவருக்கு ஒப்படைக்கப்பட்ட இடம் அடுக்களை. நம் நாட்டிலே குசினி என்கிறோமே, அது போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொல். பிரெஞ்சுக்காரரின் சொல்லும் அதற்கு நெருங்கிய உறவு. எனவே சகோதரர் லோறன்ஸைக் குசினிக்காரர் என்று நாம் அழைத்தால் அவருக்கே ஓரளவு விளங்கியிருக்கும். அடுக்களை வேலையில் அவருக்கு இயல்பாகவே பெரும் வெறுப்பு இருந்தது. இதனை அவர் ஒளிக்கவில்லை. வெறுத்த அவ்வேலையிலேயே பதினைந்து ஆண்டுகள் இருந்தார்.

வேலையின் மேலுள்ள வெறுப்பைக் காட்டிலும் கொடிய துன்பமொன்று அவருக்கு உள்ளே இருந்தது. மடத்திற் சேர்ந்த பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் மனம் அல்லற்பட்டது. செய்த பாவங்கள் எந்நேரமும் கண்முன் நின்றன. தாம் விரும்பியபடி இறைவனிடம் ஒட்டவில்லை என்ற அச்சம் வாட்டியது. விழுவார், எழுவார், மறுபடி விழுவார். மனிதர்களும், தம் அறிவும், ஏன், கடவுளுமே தமக்கு எதிராய் நிற்பது போலத் தோன்றியதாம். இறைவன் தமக்கு அருளிய நன்மைகளையே சில வேளைகளில் தம் ஆணவத்தின் கற்பனையெனச் சந்தேகித்தார். பக்தி நூல்களில் இத்தகைய ஆண்டுகளை ஒரு வரியிலே சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். பத்தாண்டு என்பது சிறு காலமா? பாலர் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை பெரிய சோதனைக்கு ஆயத்தமாகும் காலம் அது. அத்தனை ஆண்டுகளும் அந்த மனிதர் காலையில் எழுந்து அடுப்பை மூட்டினார், பாத்திரம் தேய்த்தார், துறவியருக்குப் பசிக்கும் நேரத்திலே உணவைக் கொண்டு வைத்தார்.

மாற்றம் எவ்வாறு வந்தது? துன்பம் தீரவேண்டும் என்று போராடுவதை அவர் கைவிட்டபோது வந்தது. சாகும்வரை இப்படியே இருக்கத்தான் வேண்டுமென்றால் இருப்போம், ஆயினும் இறைவனை நேசிப்பதை விடமாட்டோம் என்று தீர்மானித்தார். அப்பொழுது, எதிர்பாராத வகையில், உள்ளம் முற்றாக அமைந்ததைக் கண்டார். அதன் பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வமைதி அவரை விட்டு விலகியதாக அவரை அறிந்தோர் எவரும் கூறவில்லை. தீர்மானத்திற்கும் அமைதிக்கும் இடையில் நிகழ்ந்தது யாது என்பதை மனநூல் வல்லார் ஒரு விதமாக விளக்குவர். அவர் அதைத் திருவருள் என்றார். அவர் சொல்லை ஏற்பதில் நமக்குத் தடை இல்லை.

அவர் கடைப்பிடித்த முறை மிக எளிது. வேலை தொடங்குமுன் சில சொற்களில் இறைவனிடம் துணை கேட்பார். வேலைக்கிடையே ஒரு நண்பரோடு பேசுவது போல உள்ளத்தால் அவரோடு பேசிக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும், நன்றாக அமைந்திருந்தால் நன்றி சொல்வார். பிழைத்திருந்தால் மன்னிப்புக் கேட்பார். மன்னிப்புக் கேட்கும் விதம்தான் நம்மைக் கவர்ந்தது. என்னை என் போக்கில் விட்டால் நான் இப்படித்தான் செய்வேன், தடுத்தாள்வது உம் பொறுப்பு என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டு, அதனைப் பற்றி மேற்கொண்டு ஒரு கணமும் வருந்தமாட்டாராம். பிழையை மூடி மறைப்பதுமில்லை, பிழைக்காக இரவெல்லாம் புரண்டு கிடப்பதுமில்லை. தாச்சியிலே முட்டைப் பொரியலைப் புரட்டிப் போடுவதையும் இறைவன்மேலுள்ள அன்புக்காகவே செய்வதாக அவர் கூறுவார். நிலத்திற் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதையும் அவ்வாறே செய்யலாம் என்பார். நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து அது கொண்டு வா, இது கொண்டு வா என்று கூவும் அடுக்களை இரைச்சலில் அவருக்கிருந்த அமைதி, கோயிலிலே முழந்தாளிட்டிருக்கும்போது இருந்த அமைதிக்குக் குறைந்ததன்று. அவசரப்பட்டதுமில்லை, சோம்பியிருந்ததுமில்லை என்று அவருடைய வேலையைக் கண்டோர் சாட்சி கூறுகின்றனர்.

அடுக்களைக்கு வெளியேயும் அவருக்குப் பிடிக்காத வேலைகள் வந்தன. மடத்துக்கு வேண்டிய திராட்சை மதுவைக் கொள்முதல் செய்ய ஓராண்டு ஓவேர்ன் பகுதிக்கும், மறு ஆண்டு பேகண்டிப் பகுதிக்கும் அவரை அனுப்பினர். அவருக்கோ வியாபாரத் திறமை கிடையாது. காலும் ஊனம். படகிலே நடமாட இயலாமையால், அடுக்கியிருந்த பீப்பாக்களின் மேலே உருண்டு உருண்டுதான் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்றாராம். இது உம்முடைய காரியம் என்று இறைவனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டதாகவும், எல்லாம் நல்லபடி முடிந்ததாகவும், எப்படி முடிந்ததென்று தமக்கே தெரியாதென்றும் கூறியிருக்கிறார். பிற்காலத்திலே கால் நோய் மிகுந்ததும் அவரை அடுக்களையிலிருந்து மாற்றி, துறவியருக்கு மிதியடி தைக்கும் வேலையிலே வைத்தனர். அவ்வேலை அவருக்குப் பிடித்திருந்தது. எனினும் சொன்னால் அதையும் விட்டுவிட ஆயத்தமாகவே இருந்தார்.

இவையெல்லாம் நமக்குத் தெரியவந்தது போபோர் என்னும் குருவானவராலே. 1666ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி அவர் முதன்முறை சகோதரரைச் சந்தித்து உரையாடினார். மேலும் மூன்று உரையாடல்களைக் குறித்து வைத்தார். பெரியவர்களும் அந்தக் குசினிக்காரரைத் தேடி வந்தனர். பிற்காலத்தில் கம்ப்றே நகரின் அதிமேற்றிராணியாராக விளங்கிய புகழ்பெற்ற எழுத்தாளர் ஃபெனெலோன், சகோதரர் கடும் நோயுற்றிருந்த வேளையில் அவரைச் சென்று கண்டார். நோயாளி மிக மகிழ்ச்சியாக இருந்ததையும், இயற்கையிலே முரடான அம்மனிதரை அருள் எவ்வளவு மென்மையாக்கியிருந்தது என்பதையும் அவர் பின்னர் கடிதமொன்றிலே நினைவு கூர்ந்தார்.

இவ்வளவும் வாசித்த இல்லத்தரசி ஒருவர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கக்கூடும். சகோதரர் லோறன்ஸ் துறவி. மாதம் முடிவதற்கு முன் சம்பளம் முடிந்துபோகும் கவலை அவருக்கில்லை. கடைக் கொப்பியிலே ஏறிக்கொண்டு போகும் கடனைப் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டியதில்லை. காய்ச்சலோடு கிடக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உலை வைத்தவருமல்லர். அவருக்கு மனரம்மியம் இலகுவன்றோ? கேள்வி நியாயமானது. அவருடைய வாழ்வு நம் வாழ்வுக்கு எல்லா வகையிலும் அளவுகோலாகாது. ஆயினும் அவர் எழுதிய கடிதங்களைப் பார்க்கும்போது, உலக வாழ்விலே உழன்றவர்களுக்கும் அவர் எழுதியதைக் காண்கிறோம். போர்வீரர் ஒருவருக்காக எழுதிய கடிதத்திலே நீண்ட செபங்களை அவர் கேட்கவில்லை. வாளேந்தி அணிவகுத்துச் செல்லும்போது ஒரு கணம் உள்ளத்தை மேலே உயர்த்தினால் போதும் என்கிறார். ஒரு கணம் எந்தத் தாயிடமும் உண்டு. நாளைய சோதனைக்குப் பிடிக்காத கணக்குப் பாடத்தோடு மல்லாடும் மாணவனிடமும் உண்டு. பதினைந்து ஆண்டு வெறுத்த வேலையைச் செய்தவர் இதைச் சொல்வதால்தான் நாம் செவி கொடுக்கிறோம். தம் வேலையை விரும்பிச் செய்தவர் ஒருவர் சொல்லியிருந்தால் அப்பால் நகர்ந்திருப்போம்.

ஓரிடத்தில் நாம் அவரோடு உடன்படோம். நோயுற்ற அன்பர் ஒருவருக்கு எழுதுகையில், இறைவனைத் தவிர வேறு வைத்தியரை நம்பவேண்டாம் என்று கூறுகிறார். அவர் காலத்து வைத்தியமோ நரம்பைக் கீறி இரத்தம் வடிப்பதை மருந்தென நம்பிய வைத்தியம். அந்நிலையில் அவர் அறிவுரை அவ்வளவு தவறாகவும் இருந்திராது. இன்று அவ்வரியைக் காட்டி எவரேனும் நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்பாது வைத்திருந்தால் அது பெரும் பிழை. வலியைப் பொறுக்கும் மனவலிமைக்கு அவரிடம் பாடம் கேட்கலாம். மருந்துக்கு வைத்தியரிடம் போகவேண்டும்.

மற்றொரு தவறும் இத்துறையிலே நெடுங்காலமாக நடந்து வருகிறது. பிறர் பசிக்கு மனரம்மியம் உபதேசிப்பது இலகு. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று வேலையாளுக்குப் பழமொழி சொல்பவரை நாம் அறிவோம். தம் பசியைப் பொறுத்துக்கொள்ளப் பயின்ற அதே பவுல் அடிகளார், எருசலேமிலிருந்த வறியோரின் பசியைப் பொறுக்கமாட்டாமல் ஊரூராகச் சபைகளிடம் பணம் திரட்டினார். நிருபங்களிலே அப்பணத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது கொஞ்சமன்று. நினைவூட்டுகிறார், முடுக்குகிறார், சிறிது நாணவும் வைக்கிறார். மனரம்மியம் தமக்கென்று வைத்துக்கொண்ட பாடம். அதைக் காட்டி அடுத்தவர் தட்டை அவர் வெறுமையாக விடவில்லை.

சகோதரர் லோறன்ஸ் 1691ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி காலமானார். அடுத்த சில ஆண்டுகளில், 1692இலும் 1694இலும், அவர் எழுதி வைத்தவற்றையும் உரையாடல்களையும் போபோர் குருவானவர் இரு சிறு நூல்களாக வெளியிட்டார். பிரெஞ்சு நாட்டிலே அப்பொழுது எழுந்த சமய வாதங்களில் ஃபெனெலோன் போன்றோரின் பெயர் அடிபட்டது. அதனால் கத்தோலிக்கர் சில காலம் இந்நூல்களைப் பேசாது விட்டனர். புரட்டஸ்தாந்தரோ எடுத்து வைத்துக்கொண்டனர். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தாம் தொகுத்து வெளியிட்ட கிறிஸ்தவ நூல் வரிசையிலே சகோதரரின் உரையாடல்களையும் கடிதங்களையும் சேர்த்தார். கத்தோலிக்கச் சமையற்காரர் ஒருவரின் பேச்சு மெதடிஸ்தர் வீட்டுப் புத்தகத் தட்டில் ஏறியது அக்காலத்துக்குச் சிறிய காரியமன்று. இன்று பல மொழிகளில், கைக்கடக்கமான ஒரே நூலாக அது கிடைக்கிறது. ஒரு பிற்பகலில் வாசித்து முடிக்கலாம்.

நாம் முதன்முறை அதை வாசித்தபோது நமக்கு ஏமாற்றமே மிஞ்சியது. சொன்னதையே சொல்கிறார், இதில் என்ன இருக்கிறது என்று மூடி வைத்துவிட்டோம். பல ஆண்டுகள் கழித்து, வேலையிலே மனம் கசந்திருந்த காலமொன்றில் மறுபடி எடுத்தபோதுதான், அந்தப் பத்தாண்டுத் துன்பத்தைப் பற்றிய கடிதம் கண்ணிற் பட்டது. முதல் வாசிப்பிலே அதனை எப்படித் தவறவிட்டோமோ தெரியவில்லை.

அவர் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்துள்ளவை பதினாறு கடிதங்கள். தாம் இறைவனோடு இருக்கும் முறையை விவரிக்கும்படி ஒருவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதன் பேரில், மிகுந்த தயக்கத்தோடு எழுதிய கடிதமொன்றும் அவற்றுள் உண்டு. அக்கடிதத்தை வேறெவருக்கும் காட்டக்கூடாது என்று அதிலே நிபந்தனை விதிக்கிறார். காட்டுவீர்களென்று தெரிந்தால் எழுதியே இருக்கமாட்டேன் என்றும் சொல்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அக்கடிதத்தை வாசித்துக்கொண்டிருக்கிறது. நிபந்தனையை மீறியே நாமும் வாசித்தோம். இப்பொழுது வாசகர்களிடமும் சொல்லிவிட்டோம்.